மலை ஏறும் பாரம்: கடுகண்ணாவையிலிருந்து பிராங்பேர்ட் வரை

1

புகலிடத்தில் நடக்கும் நமது சந்திப்புகளில் மலையகம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து விழுகின்றன. ஒன்று, "வெள்ளைக்காரன் என்ன கொடுமை செய்திருந்தாலும் றோட்டுப் போட்டான், ரயில் விட்டான்" என்பது. மற்றது, "மலைநாட்டின் ஒவ்வொரு கல்லையும் பெயர்த்தவன் தமிழன்தான்" என்பது. முதலாவதைச் சொல்பவர் தன்னை நடைமுறைவாதி என்று கருதிக்கொள்கிறார். இரண்டாவதைச் சொல்பவர் தன்னை இன உணர்வாளர் என்று கருதிக்கொள்கிறார். இருவரும் ஒருவரையொருவர் கடுமையாகத் தாக்குவதும் உண்டு. ஆனால் இருவரிடமும் பொதுவான ஒன்று இருக்கிறது. வீதி என்பது ஒருமுறை போடப்பட்டதோடு முடிந்துவிட்ட விடயம் என்று இருவருமே நினைக்கிறார்கள். யார் போட்டது என்ற கேள்வியோடு இவர்களுடைய வரலாறு நின்றுவிடுகிறது. போட்ட வீதியில் நாள்தோறும் பாரத்தை ஏற்றியவர் யார், இறக்கியவர் யார், அதற்கான விலையைக் கொடுத்தவர் யார் என்ற கேள்வி எழுவதேயில்லை.

மலைவீதிக்கு இந்தக் கேள்வி மிகவும் முக்கியமானது. சமதரையில் போட்ட வீதி போட்டவுடன் தன் வேலையை ஏறக்குறைய முடித்துவிடுகிறது. மலைவீதி அப்படியல்ல. ஒரு தொன் பாரத்தை ஆயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோவதற்கான உழைப்பை எந்தப் பொறியியலாளனாலும் இல்லாமற் செய்ய முடியாது. வளைவுகளைக் கூட்டி, தூரத்தை நீட்டி, அந்த உழைப்பைச் சிறிது சிறிதாகப் பிரித்துத் தரலாம். ஒருவருடைய தோளிலிருந்து இன்னொருவருடைய தோளுக்கு மாற்றலாம். அவ்வளவுதான். ஆகவே மலைவீதியின் வரலாறு என்பது, சாராம்சத்தில், இந்த விலை கைமாறிய வரலாறு என்பது எனது வாதம். இதைக் கொழும்பு - கண்டி வீதியின் கடுகண்ணாவை ஏற்றத்திலிருந்து தொடங்கிப் பார்க்க விரும்புகிறேன்.

2

கண்டி இராச்சியத்துக்கு மலைச்சரிவு ஓர் ஆயுதமாக இருந்தது. கடுகண்ணாவைக்கு அண்மையிலுள்ள பலனைக் கணவாயைத் தாண்டாமல் மேற்கிலிருந்து கண்டிக்குள் ஒரு படை நுழைவது கடினம். 1594இல் போர்த்துக்கேயத் தளபதி லோப்பஸ் டி சூசாவின் படை மலைமேல் ஏறியது. ஆனால் தந்துறையில் அழிக்கப்பட்டது. 1603இல் அசவேதுவின் படை பலனைவரை வந்து பின்வாங்கியது. மலையில் ஏறுவதைவிட, ஏறிய பின் உணவும் வெடிமருந்தும் பின்னால் வந்து சேராமல் போவதே ஐரோப்பியப் படைகளைத் தோற்கடித்தது. பத்தொன்பது ஆண்டுகள் கண்டியில் கைதியாக இருந்த றொபேர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், நாட்டுக்குள் வரும் ஒடுங்கிய பாதைகளையும் அவற்றை அடைத்து நின்ற முட்கதவுகளையும் விவரிக்கிறார். அகலமான வீதி இல்லாதிருந்ததை அந்த அரசின் பின்தங்கிய நிலை என்று மட்டும் வாசிப்பது தவறு. வீதி இல்லாமை ஒரு பாதுகாப்புக் கொள்கையாகவும் இருந்தது.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1817 - 18இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியை அவர்கள் இரத்தத்தில் அடக்கினார்கள். மலைக்கு மேல் படையையும் பீரங்கியையும் உணவையும் விரைவாகக் கொண்டுசெல்ல வழியில்லாவிட்டால் கண்டியைத் தொடர்ந்து வைத்திருக்க முடியாது என்பதை அந்தக் கிளர்ச்சி அவர்களுக்குப் புகட்டியது. எட்வேர்ட் பார்ன்ஸ் 1820இல் தொடங்கிய கண்டி வீதி, முதலாவதாக, ஓர் இராணுவ வீதி. "றோட்டுப் போட்டான்" என்ற வாக்கியத்தில் மறைந்துபோகும் முதல் உண்மை இதுதான்.

இரண்டாவது உண்மை, யாரைக் கொண்டு போட்டான் என்பது. கடுகண்ணாவை ஏற்றத்தை வெட்டியவர்கள் பெரும்பான்மையாகக் கண்டிச் சிங்களக் குடியானவர்கள். மன்னனுக்குச் செய்யவேண்டிய நிலம்சார் ஊழியமாகிய இராஜகாரியத்தைப் பிரித்தானியர் ஒழிக்கவில்லை; தமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். கிராமத் தலைவர்கள் ஊடாக ஆட்கள் திரட்டப்பட்டனர். கூலி இல்லை. பின்னாளில் இலங்கையின் வீதிகளின் தந்தை என்று புகழப்பட்ட தோமஸ் ஸ்கின்னர் தன் நினைவுநூலில் இதை ஒளிக்கவில்லை. 1804இல் பிறந்த அவர், 1820இல், பதினாறு வயதுப் பையனாக, இருநூறு கண்டி மனிதர்களுக்கு மேலாளராக இந்த வேலைக்கு அனுப்பப்பட்டார். வீதி அமைக்கும் அறிவு அவருக்கும் இருக்கவில்லை, அவர்களுக்கும் இருக்கவில்லை. அந்த இருநூறு பேரில் ஒருவருடைய பெயரையும் நாம் அறியோம்.

"ஒவ்வொரு கல்லையும் தமிழன்தான்" என்று சொல்லும் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்கவேண்டும். மலையகத்தின் மிக முக்கியமான வாசல் சிங்களக் குடியானவனின் கட்டாய உழைப்பால் திறக்கப்பட்டது. இதை ஒப்புக்கொள்வதால் நமது வரலாறு சிறுத்துப்போய்விடாது. மாறாக, மலைநாட்டில் சிங்களவனும் தமிழனும் ஒரே எசமானின் கீழ் ஒருவர் பின் ஒருவராகச் சுமந்தார்கள் என்பது, இரு தரப்பு இனவாதிகளும் கேட்க விரும்பாத ஓர் உண்மை.

மூன்றாவது உண்மை வணிகம். வீதி வேலை நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, தேசாதிபதி பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையில் தனக்கென்று ஒரு கோப்பித் தோட்டத்தைத் திறந்தார். கோப்பிக்கான ஏற்றுமதித் தீர்வையும் அவரது ஆட்சியிலேயே நீக்கப்பட்டது. அரச வீதியின் உச்சியில் தேசாதிபதியின் தோட்டம். அரச ஊழியத்தில் வெட்டிய சரிவால் இறங்கப்போவது தேசாதிபதியின் கோப்பி. இதைவிடத் தெளிவாக அரசுக்கும் மூலதனத்துக்கும் உள்ள உறவை விளக்க ஒரு பாடநூல் தேவையில்லை.

வீதியை வகுத்த கப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் கடுகண்ணாவையின் உச்சியில் அவருக்கு 125 அடி உயரக் கோபுரம் எழுப்பப்பட்டது. அவருடைய அறிவும் திறமையும் இந்த வீதியை உருவாக்கின என்று அங்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. அதே 1832ஆம் ஆண்டுதான், கோல்புறூக் - கமரன் விசாரணையைத் தொடர்ந்து, இராஜகாரியம் ஒழிக்கப்பட்டது. வெட்டியவர்களின் ஊழியம் சட்டத்தால் முடிந்துபோன ஆண்டிலேயே வகுத்தவனின் பெயர் கல்லில் ஏறியது. கோபுரத்துக்குக் கீழே, மலையைத் துளைத்து வீதி விட்ட பாறை இன்றும் நிற்கிறது. மலையைத் துளைப்பவனுக்கே கண்டி பணியும் என்று ஒரு பழைய வாக்கு இருந்ததாகக் கதை உண்டு. இன்றைய பெருவீதி அந்தப் பாறைக்குப் பக்கத்தால் போகிறது.

இராஜகாரியம் போனாலும் கட்டாயம் போகவில்லை. 1848இல் கொண்டுவந்த வீதிச் சட்டம், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்யவேண்டும் அல்லது மூன்று ஷில்லிங் கட்டவேண்டும் என்றது. அதே ஆண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணம். இலங்கையின் மலைவீதிகள் மக்களுக்குக் கொடுத்த கொடை என்றால், கொடை பெற்றவர்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள் என்பதற்கு நமது நடைமுறைவாதிகள் பதில் சொல்லவேண்டும்.

3

வீதி போட்டாயிற்று. இனிப் பாரம் ஏறவேண்டும்.

தமிழர்கள் இந்தக் கதைக்குள் பெருந்தொகையாக வருவது இங்கேதான். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடந்து வந்தவர்கள் அவர்கள். அந்த வழிநெடுகக் கொலராவாலும் பசியாலும் மடிந்தவர்களைப் பற்றி டொனவன் மொல்ட்றிச் 1989இல் வெளியிட்ட கோப்பித் தொழிலாளர் வரலாற்றில் விரிவாகக் காணலாம். வீதித் திணைக்களத்தின் கீழிருந்த பயனியர் படைப்பிரிவிலும் தென்னிந்தியத் தமிழர் சேர்க்கப்பட்டார்கள். இராஜகாரியம் விட்ட இடத்தை அவர்களுடைய கூலி உழைப்பு நிரப்பியது. கடுகண்ணாவைக்கு மேலே கிளைத்த பல வீதிகளில் அவர்களுடைய கை இருக்கிறது.

ஆனால் வீதி என்பது தோட்டத்தின் வாசல்வரை வருவதில்லை. கோப்பி மூட்டை தோட்டத்திலிருந்து வண்டிப் பாதைவரை தலையில் இறங்கியது. அரிசி மூட்டை வண்டிப் பாதையிலிருந்து தோட்டம்வரை தலையில் ஏறியது. மலைவீதியின் கடைசி மைல் எப்போதும் மனித முதுகுதான். பிற்காலத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்குக் கூடையோடு ஏறி இறங்கிய பெண்களை எடுத்துக்கொண்டால், அந்தக் கடைசி மைல் இன்றுவரை முடியவில்லை.

வண்டிப் பாதைக்குக் கீழே பாரத்தை இழுத்தவை மாடுகள். கண்டியிலிருந்து கொழும்புக்கு 72 மைல். வண்டித் தொழிலில் முன்னணியில் நின்றவர்கள் கரையோரச் சிங்களவர்கள். தவளம் எனப்படும் பொதிமாட்டு வணிகத்தில் முஸ்லிம்கள் நெடுங்காலமாக ஈடுபட்டிருந்தார்கள். ஆக, ஒரு கோப்பி மூட்டை மலையிலிருந்து கப்பலுக்குப் போய்ச்சேர்வதற்குள் தீவின் எல்லாச் சமூகத்தவரின் கையும் அதில் பட்டுவிடும். கொழும்பிலிருந்து இலண்டனுக்குக் கப்பலில் அனுப்பும் செலவைவிடக் கண்டியிலிருந்து கொழும்புக்கு வண்டியில் அனுப்பும் செலவு அதிகம் என்பது தோட்டத்துரைமாரின் நிரந்தர முறைப்பாடு. மாட்டுக் கொள்ளைநோய் வந்தால் வண்டிகள் நின்றுவிடும், கூலி ஏறிவிடும். வண்டிக்காரனின் பேரம்பேசும் சக்தியை உடைப்பதற்குத் துரைமார் கண்ட வழி புகையிரதம்.

1867இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 1,400 அடி ஏற்றம். 45 அடி ஓடினால் ஓர் அடி உயரும் சரிவு. பாதை பின்னர் 1885இல் நானுஓயாவுக்கும், 1924இல் பதுளைக்கும் போயிற்று. வண்டிக்காரர் மலையிலிருந்து பின்தள்ளப்பட்டாலும் மறைந்துவிடவில்லை. 1906இல் கொழும்பு வண்டிக்காரர் செய்த வேலைநிறுத்தத்தை, இலங்கைத் தொழிலாளர் இயக்கத்தின் ஆரம்ப அத்தியாயங்களில் ஒன்றாகக் குமாரி ஜயவர்த்தன 1972இல் வெளிவந்த தன் ஆய்வில் பதிந்திருக்கிறார். பாரம் சுமப்பவன் நின்றால் துறைமுகமும் நிற்கும் என்பதைக் காட்டிய போராட்டம் அது.

4

இருபதாம் நூற்றாண்டில் லொறி வந்தது. புகையிரதம் எட்டாத சரிவுகள் அனைத்தும் அதன் ஆட்சிக்குள் வந்தன. கினிகத்தேனை, இறம்பொடை, பெரகலை, மகியங்கனைப் பாதையின் பதினெட்டு வளைவு என்று மலைநாட்டின் ஏற்றங்களை லொறிச் சாரதிகள் மணிகளைப் போல எண்ணிச் சொல்வார்கள். தேயிலைப் பெட்டி இறங்க, அரிசியும் மாவும் உரமும் ஏறின. நுவரெலியா மரக்கறி வடக்குக்கு வந்தது. யாழ்ப்பாணத்து வெங்காயமும் கருவாடும் மலைக்கு ஏறின. வடக்குக்கும் மலையகத்துக்குமான உறவை நமது அரசியல்வாதிகள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடும் அதையடுத்த வாக்களிப்புகளோடும் தொடங்கி முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த உறவை நாள்தோறும் இரவில் நடத்திக்கொண்டிருந்தவர்கள் இந்த லொறிக்காரர்கள்.

லொறி மலை ஏறுவது என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். வண்டியும் பாரமுமாகப் பத்துத் தொன் எடையுள்ள பழைய பெட்போர்ட் லொறி ஒன்று, நூறு குதிரைவலு எஞ்சினோடு, 14 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் தன் முழுப் பலத்தைக் கொடுத்தாலும் மணிக்கு இருபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் போக இயலாது. கம்பளையிலிருந்து இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறத்தாழ 36 மைல். ஏற்றம் 4,500 அடிக்கு மேல். உயரே போகப் போகக் காற்று மெலிகிறது. ஆறாயிரம் அடியில் பழைய எஞ்சின் ஒன்று தன் பலத்தில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கை இழந்துவிடும். பாரம் அதே பாரம். சரிவு அதே சரிவு. இழுப்பவனுக்கு மட்டும் மூச்சுக் குறைகிறது. கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றப் பிந்தினால் வண்டி நின்றுவிடும். நின்றால் பின்னால் உருளும். கிளீனர் என்று அழைக்கப்படும் பையன் மரக்கட்டையோடு குதித்துப் பின்சில்லுக்கு அண்டை கொடுக்கவேண்டும். அந்தப் பையனுக்குப் பெரும்பாலும் சம்பளம் என்று ஒன்று இல்லை. சாப்பாடும் கைச்செலவும், என்றாவது ஒருநாள் தானும் சாரதியாவேன் என்ற நம்பிக்கையுமே அவனுடைய கூலி.

ஆனாலும் ஏறுவதல்ல, இறங்குவதே ஆபத்து. பத்துத் தொன் பாரம் 4,500 அடி இறங்கும்போது வெளிவிடும் சக்தி, நானூறு லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அந்த வெப்பம் எங்காவது போகவேண்டும். ஒரு பங்கைக் காற்றும் சில்லுகளும் எடுத்துக்கொள்ளும். சிறிய கியரில் இறங்கினால் இன்னொரு பெரும் பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். மீதி அனைத்தும் பிறேக்குக்குள் போகிறது. பிறேக் அளவுமீறிச் சூடேறினால் அதன் பிடி தளர்கிறது. மிதித்தாலும் வண்டி கேட்காது. நான் இப்போது பிராங்பேர்ட்டில் வேலை செய்வது பிறேக் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அங்கே சோதனை மேடையில் பிறேக் வட்டு செந்நிறமாக ஒளிர்வதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கை வரலாறு படிப்பித்த காலத்தில் எந்த நூலிலிருந்தும் நான் கற்கவில்லை.

அதற்கும் முன்பு கேட்டது ஒன்று உண்டு. 1990களின் முற்பகுதியில், பேராதனையில் படித்த காலத்தில், நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி ஒன்றில் கம்பளைக்கு இறங்கினேன். சாரதி புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். "அண்ணை, ஏன் இவ்வளவு மெதுவாகப் போறியள்?" என்று கேட்டேன். எனது 'அண்ணை'யைக் கேட்டுச் சிரித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏறுறப்ப எந்தக் கியர்ல ஏறுனமோ, எறங்குறப்பவும் அதே கியருதான். பிரேக்கு கைக்காசு மாதிரி. மேலயே செலவழிச்சிட்டா கீழ வளைவுல ஒன்னும் இருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தி, "மொதலாளிக்கு டீசல் கணக்குத்தான் பெருசு. அதனால கொஞ்சப் பேரு நியூட்ரல்ல விட்டுட்டு எறங்குவாங்க. அப்படிப் போனவங்க ரெண்டு பேர நானே தூக்கியிருக்கேன்" என்றார்.

இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் அரசியல் பொருளாதாரம் இருக்கிறது. வண்டி முதலாளியினுடையது; டீசல் கணக்கும் அவருடையது. சாரதிக்கு ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. மிச்சம் பிடித்த டீசலில் சாரதிக்குச் சில்லறை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவன் நியூற்றலில் இறங்குகிறான்; எஞ்சின் வாங்கவேண்டிய வெப்பம் பிறேக்குக்குப் போகிறது; வண்டி பள்ளத்தில் விழுகிறது. மறுநாள் பத்திரிகையில் "சாரதியின் கவனயீனம்" என்று வருகிறது. சரிவின் விலை முதலாளியின் கணக்குப் புத்தகத்திலிருந்து சாரதியின் உடம்புக்கு மாற்றப்பட்டது என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. டோசனின் கோபுரத்தில் வெட்டியவர்களைக் காணாததும், இந்தச் செய்தியில் முதலாளியைக் காணாததும் ஒரே மறைப்பின் இரு வடிவங்கள்.

இன்னொன்றையும் இங்கே குறிக்கவேண்டும். 1977 ஆகஸ்டில் மலையகத் தமிழர்மீது வன்முறை அவிழ்த்துவிடப்பட்டபோதும், 1983 ஜூலைக்குப் பிறகும், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதே மலைவீதிகளால் இறங்கி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. பாட்டன் கால்நடையாக ஏறிய பாதையால் பேரப்பிள்ளைகள் பஸ்களிலும் லொறித் தட்டுகளிலும் இறங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காந்தீயம் அமைப்பின் பண்ணைகள் இடம் கொடுத்தன. மற்றவர்களை வடக்கு எப்படி நடத்தியது, யாருடைய வயலில் என்ன கூலிக்கு வைத்தது என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

5

இதெல்லாம் காலனித்துவ நாடொன்றின் கதை, முன்னேறிய நாடுகளில் இப்படியில்லை என்று ஒருவர் சொல்லக்கூடும். நாம் வாழும் இந்த நகரத்தையே பார்ப்போம்.

1933 செப்டெம்பர் 23 அன்று ஹிட்லர் மண்வெட்டி பிடித்து ஓட்டோபான் வேலையைத் தொடக்கிவைத்தது பிராங்பேர்ட்டில். வேலையில்லாதோர் ஏறத்தாழ எழுநூறு பேர் அன்று அணிவகுத்து வேலைத்தளத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பிராங்பேர்ட் - டார்ம்ஸ்ரட் பகுதி 1935 மே 19 அன்று திறக்கப்பட்டது. "ஹிட்லர் என்ன செய்திருந்தாலும் ஓட்டோபான் போட்டான்" என்று ஜேர்மன் முதியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நமது நடைமுறைவாதியின் வாக்கியம் அட்சரம் பிசகாமல் இங்கும் உண்டு. அங்கே அதைக் கேட்டுத் தலையாட்டும் நாம் இங்கே கேட்டுக் கூசுகிறோம். இந்த முரணை விளக்கும் பொறுப்பு நமக்குண்டு. ஏனெனில் போர்க்காலத்தில் ஓட்டோபான் வேலைக்கு யூதர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டார்கள் என்பதை இந்த நாடு, தாமதமாகவேனும், தன் வரலாற்று நூல்களில் எழுதியிருக்கிறது. கண்டி வீதியின் இராஜகாரியத்துக்கு நமது பாடநூல்களில் எத்தனை வரி?

பிறேக்கின் வரலாறும் இதே நகரத்துக்குள் வருகிறது. 1906இல் பிராங்பேர்ட்டில் தொழில் தொடங்கிய அல்பிரட் தெவெஸ் என்பவரின் நிறுவனம், 1926இல் இங்குள்ள அட்லர் தொழிற்சாலையின் காரொன்றுக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிறேக்கைப் பொருத்தியது. ஜேர்மனியில் அதுவே முதலாவது. பாரத்தை நிறுத்தும் கலை அங்கே ஒரு படி உயர்ந்தது. அதே அட்லர் தொழிற்சாலைக் கட்டடத்துக்குள், கலுஸ் பகுதியில், 1944 ஆகஸ்டிலிருந்து 1945 மார்ச்வரை 'கற்ஸ்பாக்' என்ற மறைபெயரில் ஒரு வதைமுகாம் நடந்தது. ஏறத்தாழ 1,600 கைதிகள், பெரும்பாலானோர் போலந்துக்காரர், நகரின் நடுவே இராணுவ வாகன உற்பத்திக்காக வேலை வாங்கப்பட்டார்கள், நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அந்த இடத்தில் ஒரு நினைவு மையம் திறக்கப்பட்டது 2022இல்தான்.

சரிவுக்கு வருவோம். கேர்ல்னிலிருந்து பிராங்பேர்ட்டுக்குக் கார் ஓட்டிய எவருக்கும் லிம்பேர்க் அருகிலுள்ள எல்சர் பேர்க்கைத் தெரியும். பலருக்கு அங்கிருந்து அபராதக் கடிதமும் வந்திருக்கும். ஏறத்தாழ 5 வீதச் சரிவில் லான் பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும் நேர்வீதி அது. கண்ணுக்குச் சரிவு தெரியாது. அதுவே அதன் பொறி. விபத்துகள் மலிந்ததால் 1970களின் தொடக்கத்திலிருந்து அங்கே நிலையான ராடர் இருந்து வருகிறது. நாற்பது தொன் லொறி ஒன்று ஒவ்வொரு நூறு மீற்றர் உயரம் இறங்கும்போதும் ஏறத்தாழ நூற்றுப் பதினைந்து லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை எங்காவது கொட்டவேண்டும். இறம்பொடையின் கணக்கேதான், எண்கள் மட்டும் பெரியவை.

1987 ஜூலை 7 மாலை, பிராங்பேர்ட்டுக்கு வடக்கேயுள்ள ஹெர்போர்ன் என்ற சிறு நகரில், 34,000 லீற்றர் எரிபொருளோடு மலையிலிருந்து இறங்கிய தாங்கி லொறியொன்று பிறேக் பிடிக்காமல் நகர மையத்துக்குள் பாய்ந்து கவிழ்ந்தது. ஐஸ்கிறீம் கடையொன்று இருந்த கட்டடம் வெடித்து எரிந்தது. ஆறு பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய சாரதியின் பிழை எவ்வளவு, வாகனத்தின் பிறேக்குகள் இருந்த நிலைக்கான பொறுப்பு எவ்வளவு என்பதே பின்னர் கேள்வியாயிற்று. இந்தக் கேள்வி எழுந்ததே முக்கியம். சாரதியின் கவனயீனம் என்ற இரண்டு சொற்களோடு அது முடியவில்லை.

இன்றைய லொறிகளில் ரிராடர் என்ற கருவி உண்டு. பிறேக்கை மிதிக்காமலே வண்டியை மந்தப்படுத்தும். நானூற்றைம்பது குதிரைவலு எஞ்சின், எல்சர் பேர்க் போன்ற சரிவில் நாற்பது தொன்னை மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஏற்றிவிடும். அப்படியென்றால் சரிவின் விலை மறைந்துவிட்டதா? இல்லை, இன்னொரு தடவை இடம் மாறியிருக்கிறது. இப்போது விலை சாரதியின் கையிலும் காலிலும் இல்லை. அவனுடைய நாட்களில் இருக்கிறது. மலைகளைக் கடந்து மாதக்கணக்காக வீட்டுக்குப் போகாமல், லொறியின் கூட்டுக்குள் சமைத்து, கூட்டுக்குள் உறங்கும் வாழ்க்கை அது. 1,370 மீற்றர் உயரமான பிறென்னர் கணவாய் வழியாக இத்தாலிக்கும் ஜேர்மனிக்கும் இடையே பாரம் இழுப்பவர்களில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த வாகனத் தரிப்பிடத்திலும் காணலாம்.

2023 மார்ச்சில், டார்ம்ஸ்ரட்டுக்கு அருகே கிறேபன்ஹவுசன் என்ற ஓட்டோபான் தரிப்பிடத்தில், ஜோர்ஜியாவையும் உஸ்பெகிஸ்தானையும் சேர்ந்த ஏறத்தாழ அறுபது சாரதிகள் லொறிகளை நிறுத்தினார்கள். போலந்துக் கம்பனியொன்று தரவேண்டிய சம்பளத்தைத் தரும்வரை அசையமாட்டோம் என்றார்கள். ஏப்ரிலில் கம்பனிக்காரர் தனியார் பாதுகாப்பு ஆட்களோடும் கவச வாகனத்தோடும் லொறிகளைப் பறிக்க வந்தபோது பொலிசார் தலையிட்டுத் தடுத்தார்கள். ஏப்ரில் முடிவில் பணம் கைக்கு வந்தது. அதே கோடையில் அதே இடத்தில் இரண்டாவது வேலைநிறுத்தம் தொடங்கிச் செப்டெம்பர் இறுதிவரை நீடித்தது. சிலர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடம் எது? 1935இல் திறந்த அதே பிராங்பேர்ட் - டார்ம்ஸ்ரட் பாதை. 1906இல் கொழும்பு வண்டிக்காரர் கண்டதைத்தான் அவர்களும் கண்டார்கள்: பாரம் சுமப்பவனிடம் இருக்கும் ஒரே பிறேக், தான் நின்றுவிடுவது.

6

எனது வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். "றோட்டுப் போட்டான்" என்பவர் வகுத்தவனைப் பார்க்கிறார், வெட்டியவனைப் பார்க்கவில்லை. "தமிழன்தான் பெயர்த்தான்" என்பவர் வெட்டியவனைப் பார்க்கிறார். ஆனால் தன் இனத்தவனை மட்டும் பார்க்கிறார். இருவருமே அதன் பிறகு வந்த வண்டிக்காரனையும் சுமைதூக்கிய பெண்ணையும் லொறிச் சாரதியையும் கிளீனர் பையனையும் பார்க்கவில்லை. இது தற்செயல் அல்ல. நமது வரலாற்றெழுத்து மன்னர், கோயில், கல்வெட்டு, கட்சி, தலைவர் என்று சமதரையிலேயே நடந்து பழகியது. மலையகத்தைப் பற்றி எழுதும்போதுகூடத் தோட்டத்தின் எல்லைக்குள் நின்றுவிடுகிறோம். தோட்டத்தையும் துறைமுகத்தையும் வடக்கையும் இணைத்த வீதியில் ஓடிய உழைப்பு நமது ஆய்வுகளில் இல்லை. தொழிற்சங்க வரலாறுகளிலும் தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்த இடம் லொறிக்காரனுக்குக் கிடைக்கவில்லை. அவன் ஒருவருக்கொருவர் அறியாத சிறு முதலாளிகளிடம் சிதறிக் கிடந்தவன். அவனைக் கணக்கெடுக்கும் பதிவேடு கிடையாது.

அதனாலேயே இந்த வரலாற்றை ஆவணக் காப்பகங்களிலிருந்து மட்டும் எழுத இயலாது. இறம்பொடையிலும் பெரகலையிலும் எந்த வளைவில் எந்தக் கியர், எங்கே தண்ணீர் ஊற்றி எஞ்சினை ஆறவைப்பது, எந்தச் சாப்பாட்டுக் கடையில் கடன் கிடைக்கும், 1977இலும் 1983இலும் எந்தச் சந்தியில் யார் மறித்தார்கள், எந்தச் சிங்களச் சாரதி யாரைத் தன் லொறிக்குள் ஒளித்துக் கொண்டுபோனான் என்பதெல்லாம் எழுபதும் எண்பதும் தாண்டிய சிலருடைய நினைவில் மட்டுமே இருக்கின்றன. அவர்களில் சிலர் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளின் வீடுகளில், குளிர்காலம் முழுவதும் யன்னலுக்குப் பக்கத்தில். கவிஞர்களையும் போராளிகளையும் பேட்டி கண்ட நமது சஞ்சிகைகள் ஒரு லொறிச் சாரதியைப் பேட்டி கண்டதாக எனக்கு நினைவில்லை. இந்த இதழ் அதைத் தொடங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மலையகத் தமிழரின் வரலாறு வடக்குத் தமிழரின் வரலாற்றுக்கு ஓர் அடிக்குறிப்பு என்று எண்ணுவோரும், சிங்களக் குடியானவனுக்கும் நமக்கும் பொதுவான வரலாறு எதுவும் இல்லை என்று எண்ணுவோரும் இந்தக் கட்டுரையை மறுத்து எழுதலாம். ஆனால் மறுப்பதற்கு முன் கடுகண்ணாவையின் கீழ்நின்று ஒருமுறை மேலே பார்க்கட்டும். உச்சியில் ஒருவனுடைய பெயரோடு 125 அடிக் கோபுரம் நிற்கிறது. அதன் கீழ் இன்றும் ஏதோ ஒரு லொறி, முதலாவது கியரில், தன் பாரத்தோடு ஏறிக்கொண்டிருக்கும்.